மீன் பிழைத்தது, இறால் ஏன் இறந்தது?

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போருக்குப் புதிராகத் தோன்றும் நிகழ்வு ஒன்று உண்டு. மீன்கள் வழக்கம்போல் இரை உண்டு நீந்தித் திரியும். ஆனால் அதே நீரில் வாழும் இறாலும் நத்தையும் ஒவ்வொன்றாக இறந்து போகும். நீரோ கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். இவ்வேளையில் நீரில் கரைந்துள்ள உலோகத்தை, குறிப்பாகச் செம்பை, நாம் சந்தேகிக்க வேண்டும்.

இறால், நண்டு, நத்தை, உடுமீன், முருகைக்கல் உயிரிகள் யாவும் முள்ளந்தண்டற்ற விலங்குகள். செம்பு இவற்றுக்கு அந்நியமானதன்று. எமது குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினில் இரும்பு இருப்பதுபோல, இறாலின் குருதியிலுள்ள ஈமோசயனினில் செம்பு இருக்கிறது. எனினும் தேவைக்கு மிஞ்சினால் அதுவே நஞ்சாகிறது. கரைந்த செம்பு பூக்களின் வழியே உட்சென்று, உடலின் உப்புச் சமநிலையைக் காக்கும் நொதியங்களின் தொழிற்பாட்டைக் குழப்பிவிடுகிறது.

மீன்கள் இதனை ஓரளவு தாங்கும். அதனால்தான் கடல் மீன்களின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்தாகிறது. நீரில் செம்பு அயன் லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்குமாறு மருந்து இடுவர். மீன் குணமடையும், அதே நீரில் உள்ள இறால் மடியும். திறந்த கடலின் நீரில் இருப்பதோ லீற்றருக்கு 0.001 மில்லிகிராமிலும் குறைவான செம்பே. செம்பின் இக்குணத்தை மாலுமிகள் முன்பே பயன்படுத்தினர். மரத்தைத் துளைக்கும் புழுக்களைத் தடுக்க, 1761 இல் பிரித்தானியக் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் மூடியது.

வீட்டுத் தொட்டிக்குள் உலோகம் வரும் வழிகள் பல. எனது நானாவின் 100 லீற்றர் தொட்டியில் மூன்று இறால்கள் ஒரே வாரத்தில் இறந்தன. உப்பின் அளவும் வெப்பநிலையும் சரியாகவே இருந்தன. பம்பியின் குழாயை இறுக்கியிருந்த பித்தளைக் கிளிப்பைக் கழற்றிப் பார்த்தபோது அதில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம். உப்புநீர் அதனை விரைவாக அரித்துவிடும். இவ்வாறே வெடித்த உறையுள்ள பம்பி, துருப்பிடித்த காந்தம், நாகம் பூசிய கம்பி என்பனவும் ஆபத்தானவை.

குழாய் நீரும் ஒரு வழியாகலாம். குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எமக்குப் பாதுகாப்பான நீர் இறாலுக்கும் பாதுகாப்பானது என எண்ணலாகாது. ஒரு கணக்கைப் பாருங்கள். 100 லீற்றர் தொட்டியில் நாளுக்கு 2 லீற்றர் நீர் ஆவியாகிறது. அதை ஈடுசெய்ய ஊற்றும் நீரில் லீற்றருக்கு 0.05 மில்லிகிராம் செம்பு இருப்பின், நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் சேரும். நீர் ஆவியாகும், செம்பு ஆவியாகாது. 100 நாட்களில் 10 மில்லிகிராம் உள்ளே வந்துவிடும்.

அதில் ஒரு பகுதி கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, பின்னர் மெல்ல மெல்ல நீருக்குள் திரும்பும். எனவே முன்பு செம்பு மருந்து இட்ட தொட்டியின் கல்லையும் மணலையும் இறாலுக்குப் பயன்படுத்தக் கூடாது. நோயுற்ற மீனுக்கு வேறு தொட்டியில் மருந்து கொடுக்க வேண்டும். உலோகம் கலந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், எஞ்சிய உயிர்களை உடனே வேறு சுத்தமான கடல்நீருக்கு மாற்றி, உலோகப் பொருட்களைத் தேடி அகற்றுங்கள். நீரைப் பகுதி பகுதியாக மாற்றுங்கள். உலோகத்தை உறிஞ்சும் வடிபொருளை வடிகட்டியில் இடுங்கள். ஆவியான நீரை ஈடுசெய்ய ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரையே ஊற்றுங்கள். வீட்டுச் சோதனைப் பெட்டி மிகச் சிறிய அளவுகளைக் காட்டாது; அது பூச்சியம் காட்டினாலும் மேற்கூறிய தேடலைக் கைவிட வேண்டாம்.

பிள்ளைகளுக்கு மீன்தொட்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதையும் சிந்திக்க வேண்டும். அலங்காரத்துக்கு விற்கப்படும் சுத்திகரிப்பு இறால்கள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. எமது நாட்டிலிருந்தும் அவை ஏற்றுமதியாகின்றன. அவற்றை வாங்குமுன் தொட்டியிலுள்ள ஒவ்வொரு கிளிப்பையும் திருகாணியையும் பார்த்துவிடுவது எமது கடமை.