பள்ளிக்குச் செலவிட்ட பணம் வயலில் விளையுமா?

உரத்துக்கு அரசு பணம் கொடுத்தால் அடுத்த அறுவடையிலேயே பலன் தெரிகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் பணத்தால் நாட்டுக்கு என்ன வருமானம் என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. நம்மைப் போலவே நெல்லை நம்பி வாழும் இந்தோனேசிய நாட்டின் அனுபவம் இதற்கு விடை தருகிறது.

61,000 பள்ளிகள்

1973-இல் கச்சா எண்ணெய் விலை திடீரென ஏறியது. அப்போது எண்ணெய் விற்றுவந்த இந்தோனேசியாவில் பணம் குவிந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு 1973-74 முதல் 1978-79 வரை 61,000-க்கும் அதிகமான ஆரம்பப் பள்ளிகளைக் கட்டினார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எந்த மாவட்டத்தில் அதிகமோ, அங்கே அதிகப் பள்ளிகள். கட்டடத்தோடு நில்லாமல் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் 1973-இல் நூற்றுக்கு 69 பேர் படித்தனர். 1978-இல் 83 பேர் படித்தனர்.

அந்தச் சிறுவர்கள் வளர்ந்து சம்பாதிக்கும் காலத்தில், 1995-இல் எடுத்த கணக்கை வைத்து எஸ்தர் டூஃப்லோ என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் இவரும் ஒருவர். கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டும் கூலி வருமானத்தை நூற்றுக்குச் சுமார் 7 முதல் 10 வரை உயர்த்தியது என்று கண்டார். ஆனால் பலனைப் பார்க்க 20 ஆண்டு ஆயிற்று. பள்ளிச் செலவு கீரைப்பாத்தி அல்ல, தென்னந்தோப்பு.

மருந்தா, பாடமா?

பெரியவர்களுக்கும் படிப்பு பலன் தந்தது. வீரிய ரக நெல்லோடு பூச்சி மருந்துக்கும் அங்கே தாராளமாக மானியம் கொடுத்தார்கள். கண்டபடி மருந்து அடித்ததில் புகையானைத் தின்னும் சிலந்திகள் மடிந்தன, புகையான் பெருகியது. 1984-இல் அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு, அதை இழந்துவிடுமோ என்று அஞ்சியது. 1986-இல் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை வந்தது. மானியமும் படிப்படியாகக் குறைந்தது.

1989-இல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 விவசாயிகள் வாரம் ஒரு முறை வயலில் கூடி, தூர்களைப் பிரித்துப் பார்த்து, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணினார்கள். மருந்து தேவையா என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். 1986-இல் சுமார் 4 கோடி டன்னாக இருந்த நெல் விளைச்சல், மருந்து மானியம் போன பிறகும் 1990-இல் 4.5 கோடி டன்னாக உயர்ந்தது.

நாம் செய்ய வேண்டியது

பழைய முறையிலேயே உழுது விதைப்பவருக்குத் தகப்பன் சொல்லிக் கொடுத்ததே போதும். புதிய விதை, புதிய மருந்து வரும்போதுதான் படிப்பின் அருமை தெரியும். பசுமைப் புரட்சிக் காலத்தில், புதிய விதை நன்கு விளைந்த இந்தியப் பகுதிகளிலும், ஆரம்பக் கல்வி பெற்ற விவசாயிகளே கூடுதல் லாபம் பெற்றார்கள் என ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆகவே அறுவடை நேரத்தில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். வேளாண்மைத் துறை பண்ணைப் பள்ளி நடத்தினால் தவறாமல் சேருங்கள். கட்டடம் மட்டும் இருந்து பாடம் நடக்காவிட்டால், அந்தச் செலவு உழாத நிலத்தில் தெளித்த விதைதான்.