பப்பி ஏன் ஒற்றைக் கண்ணை மூடுகிறது?

உங்கள் வீட்டு நாய் ஒற்றைக் கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டிருந்தால், 'ஐ... கண்ணடிக்கிறது பார்!' என்று சிரித்துவிடாதீர்கள். அதன் கண்ணில் புண் வந்திருக்கலாம். நமக்குக் கண் உறுத்தினால் உடனே அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்வோம். நாய் பாவம், வாயில்லா ஜீவன். நாம்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்.

வாட்ச் கண்ணாடி போல...

நாயின் கண்ணுக்கு முன்னால், வாட்ச் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. இதற்குக் 'கார்னியா' என்று பெயர். இதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான்! வெளிச்சம் இதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் இதில் ரத்தக் குழாய்களே கிடையாது. ஆனால், நரம்பு நுனிகள் ஏராளம். சின்னக் கீறல் விழுந்தாலும் நாய்க்கு உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

பூனை நகத்தால் கீறுவது, முள் குத்துவது, குளிப்பாட்டும்போது ஷாம்பு படுவது, முடி உரசுவது, கண்ணீர் சரியாகச் சுரக்காமல் கண் வறண்டுபோவது என்று புண் வர எத்தனையோ காரணங்கள் உண்டு.

2003-ம் ஆண்டு வந்த ஒரு செல்போன் விளம்பரத்தில், சிறுவன் பின்னாலேயே ஓடிய 'பக்' நாயை உங்கள் அப்பா, அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். பக் நாய்க்கு முகம் சப்பை. கண் குழி ஆழமில்லாததால் கண்கள் முட்டை போல வெளியே தள்ளி இருக்கும். சில பக் நாய்களுக்குத் தூங்கும்போதுகூட இமை முழுசாக மூடாது. அதனால், இந்த வகை நாய்களுக்குக் கண் புண் வரும் ஆபத்து அதிகம்!

பச்சையாக மின்னும் புண்

புண் இருப்பதை டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் தெரியுமா? ஆரஞ்சு நிறச் சாயம் ஒன்றைக் கண்ணில் விடுவார். நல்ல இடத்தில் சாயம் ஒட்டாது. மேல்தோல் பிய்ந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். நீல விளக்கைக் காட்டினால், அந்த இடம் பச்சையாக மின்னும்!

மேலாக இருக்கும் சின்னப் புண், சொட்டு மருந்திலேயே பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஆனால், கிருமிகள் புகுந்துவிட்டால் கார்னியா ஜெல்லி மாதிரி உருக ஆரம்பிக்கும். சில சமயம் ஒரே நாளில்கூடப் புண் ஆழமாகி, ஓட்டை விழுந்து பார்வை போய்விடலாம். அதனால்தான் டாக்டர்கள் அவசரமாக ஆபரேஷன் செய்கிறார்கள்.

கண்ணுக்குள் ஒரு வாய்க்கால்

முதலில் நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, கெட்டுப்போன பகுதியை அகற்றுவார்கள். பிறகு, அதே கண்ணின் வெள்ளைப் பகுதியைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து ஒரு சின்னத் துண்டை, ஒரு முனை ஒட்டியிருக்கும்படியே வெட்டி எடுப்பார்கள். அதைத் திருப்பிப் புண்ணின் மேல் வைத்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் தைப்பார்கள்!

எதற்கு இந்த ஒட்டு? அந்தச் சவ்வில் ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. தண்ணீர் பாயாத வயலுக்கு வாய்க்கால் வெட்டிவிடுவது போல, ரத்தமே இல்லாத கார்னியாவுக்கு அது ரத்தத்தைக் கொண்டுபோகிறது. ஓட்டையும் அடைபடுகிறது, புண்ணும் ஆறுகிறது. அந்த இடத்தில் தழும்பு விழும். ஆனாலும் தழும்பைச் சுற்றியுள்ள தெளிவான பகுதி வழியாக நாய் பார்க்கும்.

சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், விலங்குகளின் கண்ணுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

* கண்ணைச் சுருக்குவது, தண்ணீர் வடிவது, காலால் தேய்ப்பது, கண் சிவப்பது, கண்ணில் வெள்ளையாகத் தெரிவது... இதில் எதைப் பார்த்தாலும் அன்றே பெரியவர்களிடம் சொல்லி, கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

* வீட்டில் மிச்சம் இருக்கும் சொட்டு மருந்தை விடக் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆறாது, இன்னும் மோசமாகும். விளக்கெண்ணெய் போன்ற கை வைத்தியமும் வேண்டாம்.

* நீங்களாகக் கண்ணைத் திறந்து பார்க்காதீர்கள். வலியில் செல்ல நாய்கூடக் கடித்துவிடும்!

* டாக்டர் கழுத்தில் மாட்டிவிடும் புனல் போன்ற காலரை, பாவம் என்று கழற்றிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நாய் சொறிந்தே தையலைப் பிரித்துவிடும்.

இன்று சாயங்காலம் உங்கள் நாயோடு விளையாடும்போது, அதன் இரண்டு கண்களும் ஒரே மாதிரி திறந்திருக்கின்றனவா என்று ஒரு தடவை பாருங்கள், சரியா?