மிக்கும் சேபரும்

இரு போர் விமானங்களுள் எது வலியது என்று அறிய விரும்புவோர், அவற்றின் விரைவையும், ஏறும் உயரத்தையும், தாங்கும் படைக்கலங்களையும் அட்டவணையிட்டு ஒப்பிடுவர். இவ்வொப்பீடு இன்றியமையாததே, எனினும் அது முழு உண்மையையும் உணர்த்திவிடுவதில்லை. கொரியப் போரில் எதிர்நின்ற இருவகை ஜெட் விமானங்களின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1950ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கொரியாவில் போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில், சோவியத்து நாட்டில் உருவான மிக்-15 விமானங்கள் யாலு ஆற்றையடுத்த வானில் தோன்றின. நேரான இறக்கைகளைக் கொண்ட அமெரிக்க விமானங்களால் அவற்றின் விரைவுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. ஆகவே, டிசம்பரில் அமெரிக்கர் எஃப்-86 என்னும் சேபர் விமானங்களைக் களத்திற்குக் கொணர்ந்தனர். மிக், சேபர் இரண்டின் இறக்கைகளும் 35 பாகை அளவில் பின்னோக்கிச் சாய்ந்தவை. ஒலியின் விரைவை நெருங்குங்கால் மிகும் காற்றுத் தடையைக் குறைக்க இவ்வமைப்பு உதவுகின்றது.

இரண்டின் எந்திரங்களும் ஏறக்குறைய ஒரே அளவான உந்துவிசையைத் தருவன. ஆனால், மிக்-15 முழுச் சுமையோடு ஏறத்தாழ 5 டன் எடையுடையது. சேபரோ 7 டன்னை நெருங்குவது. ஒத்த விசை குறைந்த எடையைத் தூக்குமாயின் ஏற்றம் விரைவாகுமன்றோ? எனவே, மிக் விரைந்து மேலேறிற்று. சேபர் எளிதில் எட்டவியலாத உயரத்தில் உலவி, வேண்டியபோது கீழே பாய்ந்தது. அதில் 37 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றும், 23 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டும் இருந்தன. அவற்றின் குண்டுகள் சில பட்டாலும் விமானம் சிதைந்துவிடும். சேபரில் இருந்தவை ஆறு எந்திரத் துப்பாக்கிகளே. அவை நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. எனினும் அக்குண்டுகள் சிறியவை.

அட்டவணையை மட்டும் நோக்குவோர், மிக்கே வெல்லும் என்பர். களத்தில் நிகழ்ந்ததோ வேறு. சேபர் விமானி, குமிழி போன்ற கண்ணாடி மூடியின்கீழ் அமர்ந்து நாற்புறமும் தடையின்றிக் கண்டான். அவனது விமானத்தின் திருப்பு உறுப்புகள் நீர்ம அழுத்தத்தால் இயங்கின. ஆதலின் அவன் கை சிறிது அசைந்தாலே விமானம் பணிந்தது. மிக் விமானியோ, மிகு விரைவில் தன் உடல் வலிமை முழுவதையும் கொண்டு கைப்பிடியை இழுக்க நேர்ந்தது. மேலும், விரைந்து வளையும்போது தலையிலுள்ள குருதி கீழிறங்க, விமானியின் கண் இருளும். அதனைத் தடுக்கும் தனி உடையைச் சேபர் விமானிகள் அணிந்திருந்தனர். மிக் விமானிகளுக்கு அது வாய்க்கவில்லை.

பயிற்சியும் வெற்றியை முடிவுசெய்தது. மறைவாக வந்து மிக்கைச் செலுத்திய தேர்ந்த சோவியத்து விமானிகள் சேபருக்கு ஈடுகொடுத்துப் போரிட்டனர். போதிய பயிற்சி பெறாத சீன, வடகொரிய இளைஞர் பலர் அதே விமானத்தில் ஏறி உயிரிழந்தனர். வீழ்த்திய விமானங்களின் தொகையை இரு தரப்பினரும் மிகுத்தே கூறினர் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இன்றைய போர் விமானங்கள் கண்ணுக்கெட்டாத தொலைவிலேயே பகைவனை ரேடாரால் அறிந்து ஏவுகணை செலுத்துகின்றன. 2005ஆம் ஆண்டில் பணியேற்ற எஃப்-22 போன்றவை, பகைவரின் ரேடாருக்கு எளிதில் புலப்படாத வடிவுடையன. கருவிகள் மாறினும் அடிப்படை மாறவில்லை. முதலில் காண்பவனும், கண்டவுடன் செயற்படுபவனுமே வெல்கின்றான். ஆதலின், விமானங்களை ஒப்பிடுவோர் அவற்றின் ஆற்றலோடு, அவற்றைச் செலுத்தும் மனிதனின் கண்ணையும் கையையும் பயிற்சியையும் சேர்த்தே எடைபோடுதல் வேண்டும்.