கறி சுருங்கும் சூட்டில் கன்னம் இறுகுமா?

சென்னையில் பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடி வரைக்கும் சி.டி.எச். ரோட்டில் போனால், பல் ஆஸ்பத்திரிக்கும் நகைக்கடைக்கும் நடுவே ‘கத்தியில்லாமல் முகம் இறுக்கலாம்’ என்கிற பலகைகள் கண்ணில் படும். பூந்தமல்லிப் பக்கமும் குறைவில்லை. ஹைஃபு, ஆர்.எஃப்., எம்.என்.ஆர்.எஃப்., லேசர் என்று பெயர்தான் மாறுகிறது. “இதில எது பெஸ்ட்டு?” என்று கேட்டால், அந்தக் கடையில் எந்த மெஷின் இருக்கிறதோ அதுதான் பெஸ்ட். எந்த ஆழத்தில், எவ்வளவு சூடு என்று கேட்டால்தான் உருப்படியான பதில் வரும். அதைப் புரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி போதும்.

கறித்துண்டைச் சூடான சட்டியில் போட்டதும் சுருங்கிக் குட்டையாகிறது. தண்ணீர் வற்றுவது ஒரு காரணம். சதையைச் சுற்றியுள்ள சவ்வு இழுத்துப் பிடிப்பது இன்னொன்று. அந்தச் சவ்வு கொலாஜன் என்ற புரதம். நம் தோலைத் தொய்யவிடாமல் வைத்திருப்பதும் அதேதான். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட அதன் அமைப்பை 1954–55இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் ஆராய்ந்த மாதிரிகளில் ஒன்று கங்காரு வால் தசைநாண். தந்து உதவியது அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். செருப்புத் தோலைப் பற்றிய அக்கறைதான் முகத்தோலைப் பற்றிய அறிவுக்கும் வழிவிட்டது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சூடு ஏறக்குறைய 60, 65 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அந்த முறுக்கு அவிழும். இழை குட்டையாகித் தடிக்கும். மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் மொத்தமும் கரைந்து ஆட்டுக்கால் சூப்பாகிவிடும். தோல் சிகிச்சைக்கு வேண்டியது முதல் கட்டம் மட்டும். அதுவும் கொஞ்ச நேரத்துக்கு, குறிப்பிட்ட இடங்களில்.

சட்டியில் இருக்கிற கறிக்கு உயிரில்லை, சுருங்கியதோடு கதை முடிந்தது. உயிருள்ள தோலுக்கு அங்கேதான் கதை ஆரம்பம். சூடு பட்ட இடத்தைக் காயம் என்று நினைத்து உடம்பு ஆற்றத் தொடங்கும். புதுக் கொலாஜனை நெய்யும். அதற்கு 3 முதல் 6 மாதம் ஆகும். அதனால், முடித்துவிட்டு வந்த அன்றைக்கே கண்ணாடியில் “இறுகிடுச்சே!” என்று தெரிவதில் பாதி வீக்கம். அன்றே எடுத்துக் காட்டும் ‘முன்–பின்’ படங்களை நான் நம்புவதில்லை.

இப்போது அடுப்புகளைப் பார்ப்போம். லேசர் மேலிருந்து இறங்குகிற சூடு. தீ அதிகமானால் கறியின் வெளிப்புறம் கருகும், உள்ளே வேகாது. சில லேசர்களின் ஒளியை நம் தோலின் கருமை நிறமியே வாங்கிக்கொள்ளும். மேல்தோல் புண்பட்டால் மாநிறக்காரர்களுக்குக் கருந்திட்டு விழும் வாய்ப்பும் அதிகம். மெல்லிய சுருக்கத்துக்கு லேசர் உதவும். தொங்கும் தாடைக்கு அதை நான் முதலில் சொல்ல மாட்டேன்.

ஆர்.எஃப். என்பது ரேடியோ அலை மின்சாரம். அதைத் தோல் எதிர்க்கிறது, அந்த எதிர்ப்பே உள்ளுக்குள் சூடாகிறது. மேலே குளிரூட்டிக்கொண்டே அடியில் வேகவைக்கலாம். தெர்மேஜ் இந்த வகை. கண்ணைச் சுற்றிய சுருக்கத்துக்கு 2002இல் அமெரிக்க அனுமதி பெற்றது. நிறம் இதற்குப் பெரிய பொருட்டில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது கூடாது.

எம்.என்.ஆர்.எஃப். அதே மின்சாரத்தை ஊசிமுனைகளால் உள்ளே இறக்குவது, கறியைக் கம்பியில் குத்திச் சுடுகிற மாதிரி. முகப்பருத் தழும்பும் லேசான தொய்வும் சேர்ந்து இருப்பவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் 2025 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தீக்காயம், தழும்பு, கொழுப்பிழப்பு, நரம்புப் பாதிப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு இதைப் பற்றி எச்சரித்தது. ஊசிதானே என்று அழகு நிலையத்தில் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஹைஃபுவுக்கு அடுப்படியில் ஈடே இல்லை. வெளிப்புறம் சுடாமல் கறியின் நடுவில் மட்டும் புள்ளிபுள்ளியாக வேகவைக்க எந்தச் சமையல்காரராலும் முடியாது. ஹைஃபு என்பது குவித்து அனுப்பும் ஒலியலை, அது இதைச் செய்கிறது. 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் என ஆழத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அறுவை சிகிச்சையில் இழுத்துத் தைக்கும் படலம் ஏறக்குறைய அந்த 4.5இல்தான் இருக்கிறது. இந்த வகையில் அல்தெரா என்ற மெஷின் 2009இல் புருவம் தூக்குவதற்கு அமெரிக்க அனுமதி பெற்றது. அதில் உள்ளே இருக்கும் அடுக்குகளைத் திரையில் பார்த்துக்கொண்டே சுடலாம். ஹைஃபு என்ற பெயரில் வரும் எல்லா மெஷினிலும் அந்தத் திரை கிடையாது.

ஆழம் அதிகம் என்பதாலேயே இதில் ஒரு ஆபத்து. எடை குறைக்கும் ஊசி போட்டுச் சட்டென இளைத்து, கன்னம் ஒட்டிப்போனவர்கள்தான் இறுக்கிக்கொள்ள அவசரப்படுகிறார்கள். அவர்களிடம் மிச்சமிருக்கும் கொழுப்பும் அந்தச் சூட்டில் கரைந்தால், முகம் இன்னும் வயதானதாகத் தெரியும். கன்னம் சதைப்பற்றோடு இருந்து தாடை மட்டும் லேசாக இறங்கியவர்களுக்கு ஹைஃபு பொருந்தும். ஒட்டிய முகத்துக்கு அளவாக வைத்த ஆர்.எஃப். மேல். கழுத்துத் தோல் மடிப்பாகத் தொங்கினால் இவை எதற்கும் அடங்காது. அதற்குக் கத்திதான் என்று நேராகச் சொல்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

பணம் கட்டும் முன், சுடப்போவது தோல் சிகிச்சையில் எம்.டி. படித்தவரா, பக்கத்து அறையில் மெஷின் ஓட்டுகிறவரா என்று கேளுங்கள். தோலில் வைத்துச் சுடும் தெர்மேஜ் முனை ஒருவருக்கு ஒருமுறைதான். அல்தெரா முனைக்கும் சுடும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. உங்களுக்கான முனையின் உறையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், எத்தனை ஷாட் போட்டார்கள் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.