உள்ளத்திற்கும் மருந்துண்டு

காய்ச்சல் கண்டவனுக்கு அண்டை வீட்டார் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பர். கால் முறிந்தவனுக்குத் தோள் கொடுத்து நடத்திச் செல்வர். உள்ளம் நோயுற்றவனைக் கண்டாலோ, சிலர் நகைப்பர். சிலர் அஞ்சி விலகுவர். பெற்றோரும் உற்றாரும் வெளியே சொல்ல நாணி மறைப்பர். உடற்பிணியும் பிணியே, உளப்பிணியும் பிணியே. ஒன்றுக்கு இரக்கமும் மற்றொன்றுக்கு இகழ்ச்சியும் காட்டுதல் அறிவுடைமை ஆகாது. மறைக்கப்படும் பிணி மருந்தின்றி வளரும் என்பதை எல்லோரும் உணர்தல் வேண்டும்.

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது ஸ்ரீபெரும்புதூர். இராமானுசர் பிறந்த பெருமையுடையது அவ்வூர். இன்று அதனைச் சுற்றியுள்ள இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் மோட்டார் வண்டிகளும் மின்னணுக் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்டிரும் பிழைப்பு நாடி அங்கு வருகின்றனர். பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க குடியிருப்பு ஒன்று வல்லம் வடகாலில் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இவ்வோர் எண்ணே, வீட்டை விட்டு வந்து வாழ்வோர் தொகை எத்துணைப் பெரிது என்பதைக் காட்டும்.

இவ்வாறு வந்தோர் கைநிறையப் பொருள் ஈட்டித் தம் குடும்பத்தைத் தாங்குகின்றனர். ஆயினும், ஒரு கிழமை பகற்பணியும் மறு கிழமை இரவுப்பணியுமாக மாறி வருங்கால் உறக்கம் நிலைகுலையும். நெடுநாள் உறக்கக் கேடு உள்ளத்தையும் தாக்கும். தாய்மொழி பேசுவோர் அருகில் இல்லாத தனிமையும், ஊரிலுள்ள கடனைப் பற்றிய கவலையும் அதனோடு சேர்வதுண்டு. இத்தகைய மாற்றங்களை வீட்டில் இருந்தால் தாய் முதலில் காண்பாள். விடுதியிலோ, உடன் தங்கும் தோழியோ தோழனோதான் காணவேண்டும். எனவே, உளநோயின் அறிகுறிகளை எல்லோரும் அறிந்திருத்தல் நன்று.

உளநோய்கள் பல வகைப்படும். இரண்டு வாரத்திற்கு மேலும் நீங்காத துயரம், எதிலும் விருப்பமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், வாழ்வில் நம்பிக்கை இழத்தல் ஆகியவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். பிறர்க்குக் கேளாத குரல் தனக்கு மட்டும் கேட்டல், காரணமின்றிப் பிறரை ஐயுறுதல், தொடர்பின்றிப் பேசுதல் ஆகியவை மனச்சிதைவு நோயின் அறிகுறிகள். பிறவிக்கூறும், மூளையின் இயக்கத்தில் நேரும் மாறுதலும், வாழ்க்கை இடர்ப்பாடுகளும் ஒன்றுகூடி இந்நோய்களை விளைவிக்கின்றன. இவை பேய் பிடித்தலும் அல்ல. முன்வினைப் பயனும் அல்ல. வளர்ப்புக் குறையும் அல்ல.

இவ்வுண்மையை அறியாமையால் விளைந்த கேட்டிற்கு ஏர்வாடி சான்றாகும். இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள அவ்வூரில், உளநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காப்பகம் ஒன்றில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் தீப்பற்றியது. கட்டுண்டிருந்தவர்களால் எழுந்தோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். நோய் அவர்களைக் கொல்லவில்லை. சங்கிலியே கொன்றது எனலாம். உளநோயாளிகளை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்று தடை செய்துள்ளது.

சங்கிலிக்கு மாற்று யாது? அன்பும் மருந்தும் தொழிலும் என்று செயலால் விடை தந்தவர் மருத்துவர் சாரதா மேனன் அம்மையார். 1923ஆம் ஆண்டு பிறந்த அவர், இந்தியாவின் முதல் பெண் உளமருத்துவர் எனப் போற்றப்படுபவர். 1794ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றுப் பின்னர்க் கீழ்ப்பாக்கத்திற்கு மாறிய அரசு மனநல மருத்துவமனைக்கு அவர் 1961ஆம் ஆண்டு கண்காணிப்பாளர் ஆனார். 1978ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மருத்துவமனைச் சுவர்களுக்குள் நோயாளியை வைத்திருப்பதைவிட, அவரை மீண்டும் குடும்பத்தில் வாழச் செய்வதே சிறந்தது என எண்ணினார். 1984ஆம் ஆண்டு, சென்னையில் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 'ஸ்கார்ஃப்' என்பது அதன் வழக்குப் பெயர். 1992ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்ற அவ்வம்மையார், 2021ஆம் ஆண்டு தம் 98ஆம் அகவையில் மறைந்தார்.

மனச்சிதைவு நோய் வந்தால் வாழ்வே முடிந்தது என்று பலரும் கருதினர். அது மெய்தானா என்று ஆராய்ச்சியாளர்கள் அறிய முற்பட்டனர். முதன்முறை அந்நோய் கண்டவர்களுள் 90 பேரை 1981ஆம் ஆண்டு முதல் சென்னையில் தொடர்ந்து கவனித்தனர். இருபதாண்டுகளுக்கு மேலும் அவ்வாய்வு நீண்டது. காலப்போக்கில் பலருக்கு அறிகுறிகள் தணிந்தன; ஆடவரிற் பலர் வேலை செய்து பொருள் ஈட்டினர்; மணம் புரிந்து இல்லறம் நடத்தியோரும் உளர். எல்லோரும் ஒருபடித்தாக நலம் பெற்றிலர் என்பதும் உண்மையே. ஆயினும், நம்பிக்கைக்கு இடமுண்டு என்பதை அவ்வாய்வு மெய்ப்பித்தது.

மருந்து உண்டு, மருத்துவரோ சிலர். சிற்றூரில் வாழ்வோர் என்செய்வர்? மற்றோர் ஆய்வு இவ்வினாவை எடுத்துக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் அடங்கிய காஞ்சிபுரம் மாவட்டத்திலும், கோவாவிலும், மராட்டியத்தின் சதாராவிலும் 282 நோயாளிகள் அதில் பங்குகொண்டனர். 2009, 2010ஆம் ஆண்டுகளில் அவர்கள் சேர்க்கப்பெற்றனர். ஒரு பகுதியினர் மருத்துவமனைக்கு மட்டும் வந்து சென்றனர். மற்றொரு பகுதியினரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர்க் களப்பணியாளர்களும் சென்றனர். அப்பணியாளர்கள் மருத்துவர் அல்லர். பள்ளிக் கல்வி பெற்ற ஊரார். நோய் இன்னதென்று குடும்பத்தார்க்கு விளக்குதல், மருந்தைத் தவறாது உண்ணச் செய்தல், வேலைக்கு வழிகாட்டுதல் ஆகியவை அவர்தம் பணிகள். ஓராண்டிற்குப் பின், வீடு தேடிச் சென்று உதவப்பெற்றோர்க்கு அறிகுறிகளும் செயற்குறைவும் ஓரளவு மிகுதியாகக் குறைந்திருந்தன. அப்பயன் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் தெளிவாகக் காணப்பட்டது. இம்முடிவுகள் 2014ஆம் ஆண்டு வெளியாயின.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இத்தொண்டு வேறொரு வடிவம் கொண்டது. ஸ்கார்ஃப் நிறுவனத்தார் 2010ஆம் ஆண்டு பேருந்து ஒன்றனை நடமாடும் மருத்துவமனையாக அமைத்தனர். சென்னையில் இருக்கும் மருத்துவர், திரையின் வழியே பேருந்தினுள் இருக்கும் நோயாளியுடன் உரையாடுவார்; மருந்து அப்பேருந்திலேயே கிடைக்கும். உளநோய் பற்றிய படங்களையும் ஊரார்க்குக் காட்டினர். நோயாளி மருத்துவரைத் தேடி அலைந்த நிலை மாறி, மருத்துவம் நோயாளியைத் தேடி வந்தது.

தொழிற்சாலை வட்டாரத்திற்கும் இவ்வழி பொருந்தும். விடுதித் தோழன் ஒருவன் பல நாள் உறங்காது, உண்ணாது, பேச்சற்று இருப்பின், அவனைச் சோம்பேறி என்று ஏசுதல் தகாது. அருகமர்ந்து, என்ன துயரம் என்று கேட்டலே முதல் மருந்து. பின்னர், அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லலாம். 14416 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம். இவ்வுதவியை இந்திய அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கியது. சாவைப் பற்றி அவன் பேசின், தனியே விடாது உடனே உதவி தேடுதல் வேண்டும். நலமுற்றுத் திரும்பியவனைப் பழம்பெயர் சொல்லி இழிவுபடுத்தாது, முன்போல் உடன் வைத்துக்கொள்ளுதல் நண்பர்தம் கடமை.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், ஆசிரியர்பாற் பெற்ற மறைபொருளைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் நின்று யாவர்க்கும் எடுத்துரைத்தார் என்பது வைணவ மரபு. பலர்க்கும் நலம் பயக்கும் அறிவு சிலரிடத்தே அடங்கிக் கிடத்தல் ஆகாது என்பது அதன் கருத்து. உளநலம் பற்றிய அறிவும் அத்தகையதே. அது மருத்துவமனையில் அடங்கிவிடாது, பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் தெருவிற்கும் பரவுதல் வேண்டும். அவ்வறிவைப் பெற்ற மாணவர், இகழும் வாயினராக இராது, தாங்கும் கையினராக விளங்குவாராக.