மூன்று பேர், ஒரு டாங்கி

கரிசல்காட்டில் டிராக்டர் ஓட்டிப் பழகிய பிள்ளைகள் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். அவர்களில் ராணுவக் கனவோடு ஓடிப் பயிற்சி எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கவசப் படையில் டாங்கி ஓட்டுவது எப்படிப்பட்ட வேலை? படத்தில் நாம் பார்ப்பது பீரங்கி வெடிப்பதை மட்டும்தான். உண்மையில் அது நீண்ட வேலையில் ஒரு சிறு கட்டம்.

கவசப் படைக்கான பயிற்சி மகாராஷ்டிர மாநிலம் அகில்யாநகரில் (பழைய பெயர் அகமதுநகர்) நடக்கிறது. ஓட்டுவது, சுடுவது, வயர்லெஸ் இயக்குவது என்று வேலைகளைப் பிரித்துக் கற்றுத் தருகிறார்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான டி-72 ‘அஜேயா’ டாங்கியை எடுத்துக்கொள்வோம். எடை 41 டன்னுக்கு மேல். உள்ளே மூன்றே பேர்.

1. கிளம்பும் முன்

ஓட்டுநர் முதலில் வண்டியைச் சுற்றி வருவார். பக்கத்துக்கு ஆறு சக்கரம், அவற்றைச் சுற்றி இரும்புச் செயின். செயின் தொய்ந்திருந்தால் திருப்பத்தில் கழன்றுவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் சீக்கிரம் தேயும். பிறகு ஆயில், கூலன்ட், டீசல், பேட்டரி. எடுத்தவுடன் இன்ஜினைக் கிளப்பக் கூடாது. பம்பை ஓடவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறியதை மீட்டரில் பார்த்த பின்புதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

2. ஏறி அமர்ந்ததும்

ஓட்டுநருக்கு முன்பக்கம் நடுவில் இடம். மேலே சுழலும் கோபுரத்தில் பீரங்கிக்கு இடப்பக்கம் கன்னர், வலப்பக்கம் கமாண்டர். இன்ஜின் ஓடும்போது கத்தினாலும் காதில் விழாது. அதனால் ஹெல்மெட்டில் உள்ள மைக்கில் மூவரும் மாறி மாறிப் பேசிச் சரிபார்த்துக்கொள்வார்கள். ஒருவர் குரல் வராவிட்டாலும் வண்டி நகராது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டியிருக்கும்போது கோபுரத்தைத் திருப்பவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

3. ஓட்டும்போது

ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு லிவர்கள்தான். இடது லிவரை இழுத்தால் இடது செயினின் வேகம் குறைந்து வண்டி இடப்பக்கம் திரும்பும். டிராக்டரில் ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதித்து மடக்குவோமே, அதே கணக்கு. முன்னே போக 7 கியர், பின்னே வர ஒன்று. அந்த ரிவர்ஸில் வண்டி நடை வேகத்தில்தான் நகரும். ஆகவே ஓர் இடத்துக்குள் நுழையும் முன்பே, எப்படி வெளியேறுவது என்று கமாண்டர் முடிவு செய்திருக்க வேண்டும். மூடியை அடைத்துவிட்டால் ஓட்டுநருக்குத் தெரிவது பெரிஸ்கோப்பில் ஒரு துண்டு நிலம் மட்டுமே. மற்றதெல்லாம் கமாண்டரின் கண்.

4. ஈர மண்ணில்

எடை அகலமான செயினில் பரவுவதால், ஒரு சதுர சென்டிமீட்டர் மண்ணின் மேல் டாங்கி கொடுக்கும் அழுத்தம் கார் டயர் கொடுப்பதைவிடக் குறைவு. ஆனாலும் களிமண் நனைந்தால் நிலைமை வேறு. சகதி சக்கரத்துக்கும் செயினுக்கும் இடையே போய் அடைத்துக்கொள்ளும். இறங்கும் முன்பே சிறிய கியருக்கு வந்துவிட வேண்டும். நடுவில் கியர் மாற்றக் கூடாது, வெடுக்கென்று திருப்பக் கூடாது, நிற்கவும் கூடாது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் போரில் நம் படையினர் வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் பல அந்தச் சேற்றில் சிக்கின. ஐப்பசி மழையில் கரிசலைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

5. சுடும்போது

கமாண்டர் இலக்கைக் கண்டு, எந்த வகைக் குண்டு என்று சொல்வார். கன்னர் லேசரில் தூரம் அளந்து குறி வைப்பார். கோபுரத்தின் அடியில் வட்டத் தட்டில் 22 குண்டுகள் இருக்கும். இயந்திரமே குண்டையும் மருந்தையும் தனித்தனியாகத் தூக்கி 125 மி.மீ. குழலுக்குள் தள்ளும், அதற்குச் சுமார் எட்டு விநாடி. ஆவடியிலேயே உருவான அர்ஜுன் டாங்கியில் இந்த வேலையைச் செய்வது மனிதர். அதனால் அதில் நான்கு பேர். குண்டு எங்கே விழுந்தது என்று கமாண்டர் பார்த்துச் சொன்ன பின்தான் அடுத்த சுடுதல்.

6. திரும்பிய பின்

இன்ஜினைச் சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டு, சூடு தணிந்ததும் நிறுத்துவார்கள். டீசல் நிரப்பி, செயினில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, தளர்ந்ததை இறுக்க வேண்டும். நீளக் கம்பில் தூரிகை மாட்டிப் பலர் சேர்ந்து பீரங்கிக் குழலைத் துடைப்பார்கள். எவ்வளவு களைப்பானாலும் வண்டிக்குச் செய்ய வேண்டியதை முடித்த பிறகுதான் வீரர்களுக்கு ஓய்வு.

மண்ணைப் படிக்கும் அறிவும் இயந்திரத்தைப் பேணும் பொறுமையும் கரிசல் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அக்னிவீர் பொதுப்பணிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீத மதிப்பெண் வேண்டும். முதலில் கணினி வழி எழுத்துத் தேர்வு, 1.6 கி.மீ. ஓட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஓட்டுநர் தேவைக்கு இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு. எனவே ஓடிப் பழகுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பாடத்தையும் படியுங்கள், 18 வயது நிறைந்ததும் லைசென்ஸையும் எடுத்து வையுங்கள்.