மெடிக்கலில் வேலை பழகுவது

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்தால், முதல் வாரம் யாரும் உங்கள் கையில் மருந்துச் சீட்டைக் கொடுக்க மாட்டார்கள். துணியும் ஸ்டூலும்தான் கிடைக்கும். ரேக்கைத் துடைக்கச் சொல்வார்கள். இதற்கா வந்தோம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கடையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. ஒவ்வொரு பெட்டியாக எடுத்துத் துடைத்து வைக்கும்போதே எந்த மருந்து எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிகிராமில் வருகிறது, எதற்குத் தேதி முடியப்போகிறது என்பதெல்லாம் கண்ணில் பதிந்துவிடும்.

சட்டம் உங்களை எங்கே நிறுத்துகிறது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பார்மசி டெக்னீஷியன் என்று தனி வேலையே இருக்கிறது. நம் ஊரில் சட்டத்துக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான்: பதிவு பெற்ற மருந்தாளுநர். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பு அவருடையது. மற்றவர்கள் அவருடைய நேரடிப் பார்வையில்தான் வேலை செய்யலாம். சரக்கு இறக்குவது, அடுக்குவது, பில் போடுவது, சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்து வைப்பது வரை உங்கள் வேலை. எடுத்து வைத்ததை ஒருமுறை பார்த்து, சரி என்று சொல்லிக் கொடுப்பது அவர் வேலை.

சரக்கு வருவதிலிருந்து தொடங்குவோம். தீர்ந்துபோன மருந்துகளை ஷார்ட்டேஜ் நோட்டில் குறித்து ஸ்டாக்கிஸ்டுக்குச் சொன்னால் பெட்டி வந்து இறங்கும். பில்லையும் பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், அளவு, எண்ணிக்கை, எம்.ஆர்.பி., காலாவதித் தேதி, பேட்ச் எண் எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பேட்ச் எண்ணைத்தான் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். அது எதற்கு என்பதை 2025 அக்டோபர் காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததற்குக் காரணமான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து தயாரானது இங்கேதான். பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் வரும் சுங்குவார்சத்திரத்தில். எஸ்.ஆர்-13 என்ற பேட்சைச் சோதித்தபோது டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. தமிழக அரசு விற்பனையை நிறுத்தச் சொன்னபோது, பேட்ச் எண்ணை ஒழுங்காக ஏற்றி வைத்த கடைக்கு அந்தச் சரக்கு வந்ததா, எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்க ஒரு தேடல் போதும். ஏற்றாத கடை ரேக்கையெல்லாம் இறக்கித் தேட வேண்டியதுதான். விற்றுப்போன பாட்டில்களை அப்படியும் தேட முடியாது.

அடுக்குவதில் விதி எளிது. எதற்குத் தேதி முதலில் முடிகிறதோ அது முன்னால் இருக்க வேண்டும். அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும் என்று பொருள். தேதி முடிந்ததைத் தனிப் பெட்டியில் போட்டு, மேலே ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. பிறகு ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

ஃபிரிட்ஜ் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. இன்சுலின், சில தடுப்பூசிகள், சில கண் சொட்டு மருந்துகள் எல்லாம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சூடு மட்டுமே பகை என்று பலர் நினைக்கிறார்கள். உறைந்துபோன இன்சுலினும் வீண்தான். உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருந்தாலும் கொடுக்கக் கூடாது. அதனால் ஃபிரீசரை ஒட்டி வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. மழைக்காலத்தில் இங்கே கடை வைத்திருப்பவர், கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருப்பது முதல் வேலை. நேரம் நீண்டால் ஐஸ் பெட்டிக்கு மாற்றலாம். மருந்து ஐஸ் மேல் நேராகப் படாமல் நடுவில் துணி இருக்கட்டும்.

இனி சீட்டு. இந்த வேலையின் கனம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். இதை ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் கண் மருத்துவர் சீட்டில் அதே ஓ.டி. வலது கண்ணைக் குறிக்கலாம். யார் எழுதிய சீட்டு, நோயாளியின் வயது என்ன, எந்தத் தேதி என்று பார்த்த பிறகே மருந்தின் பெயருக்கு வர வேண்டும்.

பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்தும் எண்ணும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. டெல்மா என்பது ரத்த அழுத்த மாத்திரை. டெல்மா-எச் என்றால் அதோடு சிறுநீரைப் பெருக்கும் மருந்து ஒன்று சேர்ந்திருக்கிறது, டெல்மா-ஏ.எம். என்றால் சேர்ந்திருப்பது அம்லோடிபின். கிளைக்கோமெட் ஜி.பி.1, ஜி.பி.2 இரண்டிலும் கடைசி எண் கிளிமிபிரைடின் மில்லிகிராம் கணக்கு. ஒன்றுக்குப் பதில் இரண்டைக் கொடுத்தால், வயதானவருக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கி மயங்கி விழக்கூடும். குழந்தைகளுக்கான பாரசிட்டமாலில் சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். அதை சிரப் என்று நினைத்து ஸ்பூன் கணக்கில் ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் மிகவும் பயப்படும் ஜோடி ஒன்று உண்டு: ஃபாலிட்ராக்ஸ், ஃபால்வைட். முதலாவது மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டியது. இரண்டாவது ஃபோலிக் ஆசிட். முதல் மருந்தின் பக்கவிளைவைக் குறைக்க அதே நோயாளிக்கே, அதே சீட்டிலேயே எழுதுவார்கள். எழுத்து வரிசையில் அடுக்கும் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை கெட்டு, உயிரே போகலாம். இந்த மாதிரி மருந்துகளை வேறு ரேக்குக்கு மாற்றுங்கள். கவரில் ‘வாரம் ஒரு முறை’ என்று மட்டும் எழுதாமல் ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையைக் கேட்டு எழுதுங்கள்.

எழுதிய பிராண்ட் கடையில் இல்லை என்றால்? அதே மருந்து வேறு கம்பெனியில் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுக்கத் தோன்றும். சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் எச் மருந்துகளை அப்படி மாற்றிக் கொடுக்க விதி இடம் தரவில்லை. மருத்துவருக்கு போன் போட்டுக் கேட்கலாம், அல்லது நோயாளியை வேறு கடைக்கு அனுப்பலாம். நடைமுறை எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும். பத்துக்கு ஒன்று இலவசம் என்று வந்த சரக்கு ரேக்கில் இருக்கும்போது கை தானாக அங்கேதான் போகும். ஜெனரிக் மருந்துக்கு நான் எதிரி இல்லை. ஜெனரிக் மருந்து விற்கும் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களை 2025 பிப்ரவரியில் மாநிலமெங்கும் திறந்தது நல்லதுதான். மாற்றுவதை நோயாளியிடமும் மருத்துவரிடமும் சொல்லாமல் செய்வதுதான் தப்பு.

அட்டையை வெட்டுவதிலும் முறை இருக்கிறது. பேட்ச், தேதி அச்சிட்ட முனையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். வெட்டிக் கொடுக்கும் துண்டுக்கு மருந்தின் பெயரையும் தேதியையும் கவரில் எழுதலாம். இரண்டு நிமிட வேலைதான்; கூட்ட நேரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

அந்தக் கூட்டம் மாலையில் வரும். பாடியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களில் ஒடிசா, பீகார், வங்காளத்து ஆட்கள் நிறையப் பேர். தமிழில் எழுதிய கவர் அவர்களுக்கு உதவாது. சூரியனும் நிலாவும் வரைந்து, எத்தனை மாத்திரையோ அத்தனை கோடு போட்டுக் கொடுக்கும் பழைய வழக்கம் இன்றும் நல்ல வழக்கமே. கொடுத்த பிறகு, எப்படிச் சாப்பிடப்போகிறார் என்று அவரையே சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். தலையாட்டுவதை நம்ப வேண்டாம்.

மாலைக் கூட்டத்தில் பாதிப் பேரிடம் சீட்டே இருக்காது. “அண்ணா, காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க” என்பார்கள். பெயர் தெரியாத நாலைந்து மாத்திரைகளைக் கவரில் போட்டுக் கொடுக்கும் இந்தச் ‘செட்’ நம் மெடிக்கல்களின் மிகக் கெட்ட பழக்கம். அதில் ஆன்டிபயாடிக் ஒன்று, வலி மாத்திரை ஒன்று, சில இடங்களில் ஸ்டீராய்டும் இருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தப் பக்கம் டெங்கு காலம். டெங்குக் காய்ச்சலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். பாரசிட்டமால் கொடுத்து, ரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரிடமும் போகச் சொல்வதே சரி. “முடியாதுன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்கிறேன்” என்று கோபித்துக்கொண்டு போவார், போகட்டும்.

சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகளிலும் கட்டுப்பாடு இன்னும் கடுமையானவை தனி. ஷெட்யூல் எச்1 என்ற பட்டியல் 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் அதில் வரும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். இவற்றை விற்றால் மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். கருக்கலைப்பு மாத்திரையும் டேபென்டடால் மாதிரி வலி மாத்திரையும் கேட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு கதை சொல்வார்கள். கதையைக் கேட்டு முடிவெடுப்பது உங்கள் வேலையில்லை. மருந்தாளுநரைக் கூப்பிடுங்கள்.

வேலை பிடித்துவிட்டால் டி.பார்ம். படிக்கலாம். அறிவியல் பாடங்களோடு பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு. அதன்பின் குறைந்தது மூன்று மாதத்தில் 500 மணி நேரம் பயிற்சி; அதில் 250 மணி நேரமாவது சீட்டுக்கு மருந்து கொடுப்பதில் கழிய வேண்டும். பிறகு தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு.

வேலை கேட்டு ஒரு கடைக்குப் போகும்போது சம்பளத்தோடு இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிற மருந்தாளுநர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கடையில் இருப்பார்? எச்1 நோட்டு எங்கே? ஃபிரிட்ஜ் நோட்டில் நேற்றைய தேதிக்கு எழுதியிருக்கிறதா? “அவர் மாசத்துக்கு ஒருதடவை வருவார் தம்பி, நீயே பார்த்துக்கலாம்” என்று முதலாளி சொன்னால், அடுத்த தெருவில் இன்னொரு மெடிக்கல் இருக்கும்.